பத்மினிக்குள் டர்போ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய ஃபியட், பத்மினி, மாருதி 800 கார்களில் இன்றைய டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இன்ஜினை வைப்பது பற்றிச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஐயா 1968-இல் வாங்கிய ஃபியட் 1100டி, பின்தெருப் பக்கத்து ஷெட்டில் கட்டை மேல் நிற்கிறது. ஓடிப் பல வருடங்கள் ஆகின்றன. தகரம், சீட், கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1.0 லிட்டர் டர்போ இன்ஜின் வைத்துத் திருச்சிக்கும் மதுரைக்கும் போய்வரும்படி செய்யலாமா? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இந்தக் காரில் வேண்டாம். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் நிலையில் உள்ள சொந்த உபயோக வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்தார்கள். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதில் முக்கிய நிபந்தனை. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். உங்கள் கார் இதற்குத் தகுதியானது. இன்ஜினை மாற்றிய அன்றே அந்தத் தகுதி போய்விடும். அந்தப் பதிவு வாங்கிய காரைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

அசல் இன்ஜினையே உயிர்ப்பிக்கப் பாருங்கள். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற வையுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுக்கினால் நெம்ப வேண்டாம், மறுபடி ஊற விடுங்கள். துருப்பிடித்த ரிங்கை ஸ்டார்ட்டர் மோட்டாரால் இழுத்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். அதன்பின் போரிங் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1988 பத்மினி. பாடி மட்டும் நன்றாக உள்ளது, இன்ஜின் உடைந்துவிட்டது. டர்போ இன்ஜின் வைத்தபின் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகர், காரைக்குடி

பதில்: அந்தப் பேச்சை நம்பிப் பணம் போடாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயு அல்லது மின்சாரக் கிட் பொருத்துவதற்குத் தனி வழி இருக்கிறது. வேறு கம்பெனியின், வேறு சிசி டர்போ இன்ஜினுக்கு அந்த வழி பொருந்தாது. இன்ஜின் மாற்றுவதென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் போய் நின்றால் பதிவே ரத்தாகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இன்ஜின் நம்பரைத்தான்.

ஆகவே கீழே வரும் பதில்கள் எல்லாம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய பந்தயத் தடத்துக்கும் சொந்த இடத்துக்கும் கட்டும் காருக்கானவை. ரோட்டுக்கு வேண்டுமென்றால் அதே 1089 சிசி இன்ஜினை முறையாகக் கட்டுங்கள். நல்ல போரிங், எலக்ட்ரானிக் இக்னிஷன், சுத்தமான ரேடியேட்டர் இருந்தால் பத்மினி இன்றும் 80 கிலோமீட்டரில் அலுக்காமல் ஓடும்.

இன்ஜின் வாங்கும்போது இன்னொன்று: அது வந்த காரின் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பதிவு ரத்தான தாள், ஸ்கிராப் விற்பனை ரசீது எல்லாம் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். தாள் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேள்வி: தடத்தில் ஓட்டத்தான். பத்மினிக்கு எந்த டர்போ இன்ஜின் சரி? பலேனோ ஆர்எஸ் இன்ஜின் ஒன்று கிடைக்கிறது. – வாசகர், கோட்டையூர்

பதில்: பலேனோ ஆர்எஸ்-இன் 998 சிசி பூஸ்டர்ஜெட் மூன்று சிலிண்டர் இன்ஜின் 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர் தரும். சிறியது, எடை குறைவு. ஆனால் அது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் வகை. அதன் உயர் அழுத்தப் பம்பையும் இன்ஜெக்டரையும் சாதாரணத் தனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) ஓட்டாது. கம்பெனி ஈசியூவையே வைத்தாக வேண்டும், அது தன் பழைய காரின் மற்ற கருவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, மேனிஃபோல்டில் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ டர்போ. டாடா ஜெஸ்ட், போல்ட் கார்களில் வந்த 1193 சிசி ரெவோட்ரான் அப்படிப்பட்டது: நான்கு சிலிண்டர், 90 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர். ஃபியட் லினியாவின் 1368 சிசி டி-ஜெட்டும் எம்பிஎஃப்ஐதான். ஃபியட் காருக்குள் ஃபியட் இன்ஜின் என்ற திருப்தி கிடைக்கும். ஆனால் அதன் 207 நியூட்டன் மீட்டரைப் பத்மினியின் பின் ஆக்சில் தாங்காது. பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) பாதியாகக் குறைத்து ஓட்டப் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள்.

அசல் பத்மினி இன்ஜின் சுமார் 40 குதிரைத்திறன். 90 என்பதே அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். 900 கிலோவை ஒட்டிய காருக்கு இது தாராளம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கியர்பாக்ஸ், ஆக்சில், பாடி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டிவரும்.

நிஜமான தலைவலி குதிரைத்திறனில் இல்லை, இன்ஜின் நிற்கும் திசையில் இருக்கிறது. இந்த இன்ஜின்கள் எல்லாம் முன்சக்கரம் இழுக்கும் கார்களில் குறுக்காக நிற்பவை. பத்மினியில் இன்ஜின் நீளவாக்கில் நிற்க வேண்டும், பின்சக்கரம் தள்ள வேண்டும். இன்ஜினைத் திருப்பி வைத்ததும் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது, தெர்மோஸ்டாட் ஹவுசிங். பல குறுக்கு இன்ஜின்களில் அது ஃப்ளைவீல் பக்கத்து முனையில் இருக்கும். திருப்பி வைத்தால் அது நேராக டேஷ்போர்டுக்கு முன்னாலுள்ள தகரச் சுவரில் போய் முட்டும். சுவரை வெட்டாமல், 90 டிகிரி திரும்பும் அலுமினிய அவுட்லெட் ஒன்றைக் கடைந்து போடுங்கள். இரண்டாவது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப். பத்மினியின் முன் கிராஸ் மெம்பர் சரியாகச் சம்புக்குக் கீழே வரும். கிராஸ் மெம்பரை வெட்டக் கூடாது, சஸ்பென்ஷன் முழுவதும் அதில்தான் தொங்குகிறது. சம்பைத்தான் வெட்டி மாற்ற வேண்டும். ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் முனைக்கும் சம்பின் அடித்தகட்டுக்கும் அசலில் எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளி புதிய சம்பிலும் இருக்கட்டும். பிரேக் பிடித்தால் ஆயில் இப்போது முன்னால் ஓடும், பிக்கப்பைச் சுற்றித் தடுப்புத் தகடு வைக்காவிட்டால் ஒரு நொடி காற்றை உறிஞ்சும். டர்போ பேரிங்குக்கு அந்த ஒரு நொடி போதும்.

மூன்றாவது, டர்போ எந்தப் பக்கம் வருகிறது என்பது. வலப் பக்கம் வந்தால் ஸ்டீயரிங் பெட்டியும் பிரேக் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போதே 205 டிகிரியில் கொதித்துவிடும், ஈரம் ஏறினால் இன்னும் சீக்கிரம். சிவக்கக் காய்ந்த டர்பைன் கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி அது நிற்பது ஆபத்து. டர்போவுக்குப் போர்வை, நடுவில் இரட்டைத் தகர மறைப்பு, பிரேக் குழாய்க்கு மாற்றுப் பாதை மூன்றும் கட்டாயம்.

இன்ஜின் வாங்குமுன் ஒரு அட்டைப் பெட்டியை அதன் நீளம், அகலம், உயரத்துக்கு வெட்டி ஒட்டி, பானட்டுக்குள் இறக்கிப் பாருங்கள். இந்த அரை நாள் வேலையைச் செய்யாததால்தான் பாதியில் நின்ற கார்கள் பட்டறை ஓரங்களில் கிடக்கின்றன.

கேள்வி: இன்ஜினோடு எந்த கியர்பாக்ஸ் சேர்ப்பது? அடாப்டர் பிளேட் எப்படிக் கடைவது? நான் லேத் வைத்திருக்கிறேன், இது பழகாத வேலை. – பட்டறைக்காரர், தேவகோட்டை

பதில்: பத்மினியின் நான்கு கியர் பெட்டி ரெவோட்ரானின் 140 நியூட்டன் மீட்டர் டார்க்குக்குக் (சுழற்றும் விசைக்குக்) கட்டப்பட்டதல்ல. அசல் இன்ஜினின் டார்க் அதில் ஏறக்குறைய பாதிதான். கைக்குக் கிடைக்கும் பின்சக்கர கியர்பாக்ஸ்களில் மாருதி ஜிப்ஸியின் ஐந்து கியர் பெட்டி நல்லது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) தனியாக இருப்பதால், கியர்பாக்ஸின் பின்பக்க ஃப்ளாஞ்சிலேயே புரோப்பல்லர் ஷாஃப்டை (பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டை) மாட்டலாம். கிளட்ச் கேபிள் வகை என்பதும் வசதி. ஆனால் அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இன்ஜினுக்கு வந்த பெட்டி. 140 என்பது அதன் எல்லைக்கு வெளியே என்பதை மறக்காமல் முதல் இரண்டு கியரில் பூஸ்டைக் குறைத்து வையுங்கள்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டுக்கு 6061 ரக அலுமினியம், கடைந்து முடித்த கனம் 12 முதல் 16 மிமீ. வேலையின் வரிசை முக்கியம். முதலில் இன்ஜின் பின்முகத்தில் உள்ள டவல் பின் (இரு பாகங்களையும் நேராக நிறுத்தும் சிறு எஃகு முளை) ஓட்டைகளையும், கியர்பாக்ஸ் முகத்தில் உள்ளவற்றையும் அவற்றின் மையத்தோடு அளந்து வரைய வேண்டும். காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்த அச்சு போல்ட் ஓட்டைக்குப் போதும், டவல் ஓட்டைக்குப் போதாது. அதைக் கோவையிலோ திருச்சியிலோ நல்ல அளவுக் கருவி உள்ள சிஎன்சி பட்டறையில் அளந்து வாங்குங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே அச்சில் நிறுத்துவது டவல் பின் மட்டுமே, போல்ட் இறுக்கிப் பிடிப்பதற்கு.

பிளேட்டைப் பூட்டிய பிறகு கிராங்க் ஷாஃப்ட் பின்முனையில் டயல் கேஜ் நட்டு, அதன் முள்ளை கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் நடு ஓட்டையில் வைத்து கிராங்கை ஒரு சுற்று சுற்றுங்கள். மொத்த ஆட்டம் 0.10 மிமீக்குள் இருக்க வேண்டும். 0.15-க்கு மேல் போனால் ஆஃப்செட் டவல் பின் போட்டுச் சரிசெய்யுங்கள். ‘ஓடிப் பழகினால் சரியாகிவிடும்’ என்று விட்டால், இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தம் போடும், டாப் கியர் தானாக நழுவும், கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிரிங்குகள் உதிரும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

பிளேட்டின் கனம் அளவுக்கு இன்புட் ஷாஃப்ட் பின்னால் தள்ளிப்போகும். கிராங்க் முனைக்குள் பைலட் பேரிங் அதன் மூக்கைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரக் கார் இன்ஜின்களில் பைலட் பேரிங்குக்கு இடமே இருக்காது, கிராங்க் முனையில் ஒரு புஷ் கடைந்து அடிக்க வேண்டிவரும். கிளட்ச் பிளேட்டின் வெளிவிட்டம் இன்ஜினின் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும், உள் பல் கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். நடு ஹப்பை மாற்றி ரிவெட் அடித்துத் தரும் கிளட்ச் கடைகள் மதுரையில் உண்டு. ஹப்பை வெல்டிங் செய்து ஒட்டவே கூடாது.

பலரும் தவறவிடுவது ஸ்டார்ட்டர் மோட்டாரை. குறுக்கு இன்ஜின்களில் அது கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் மாட்டப்படும். நீங்கள் கியர்பாக்ஸை மாற்றியதும் மோட்டாருக்கு இடமில்லாமல் போகும். அந்த இடத்தை அடாப்டர் பிளேட்டிலேயே கடைந்து வையுங்கள். ஃப்ளைவீல் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையே அசல் காரில் எவ்வளவு ஆழமோ அதே ஆழம். கிராங்க் சென்சார் ஃப்ளைவீல் பக்கத்தில் பல்லைப் படிக்கும் இன்ஜின் என்றால், அந்தப் பல் வளையத்தையும் சென்சார் இடைவெளியையும் தொடாதீர்கள்.

கடைசியாகப் புரோப்பல்லர் ஷாஃப்ட். நீளம் மாற்றினால் பேலன்ஸ் செய்தே பூட்டுங்கள். கியர்பாக்ஸ் ஃப்ளாஞ்சும் ஆக்சில் ஃப்ளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்து, யூ-ஜாயின்ட் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருந்தால் 80-க்கு மேல் வரும் நடுக்கம் வராது.

கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்கு டர்போ தாங்குமா? – வாசகர், பள்ளத்தூர்

பதில்: தாங்க வைக்கலாம், கணக்கைத் தெரிந்துகொண்டு செய்தால். சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்று உள்ளே போகிறது, டர்போ அதை 0.7 பார் அழுத்துகிறது, கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வையுங்கள். வெளியே வரும் காற்று சுமார் 113 டிகிரி இருக்கும். அதை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். பிஸ்டனின் ரிங் இடைப்பகுதி உடைவது பெரும்பாலும் இப்படித்தான். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) அதை 60 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். அதற்கு அது முன்கிரில்லுக்குப் பின்னால், நேர்க்காற்றில் இருக்க வேண்டும். இடமில்லை என்று இன்ஜின் மேல் படுக்க வைத்தால் ஓடும்போது கொஞ்சம் வேலை செய்யும், நின்றால் அடுப்பு மேல் வைத்த தட்டுதான்.

குழாய் 50 மிமீ அலுமினியம், இணைப்புக்குச் சிலிகான் ஹோஸ், டி-போல்ட் கிளாம்ப். குழாய் முனையில் மேடு இல்லாவிட்டால் பூஸ்ட் ஏறியதும் ஹோஸ் கழன்று தெறிக்கும்.

அசல் ரேடியேட்டர் 40 குதிரைத்திறனுக்கானது. இரண்டு வரிசை அலுமினிய ரேடியேட்டர், அதை முழுதும் மூடும் தகரக் கூடு, கூட்டுக்குள் மின்விசிறி என்று போடுங்கள். கூடு இல்லாத விசிறி தன் இலை சுற்றும் வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். உள்ளே போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்து குழாய் அடைக்கும். வளவில் பிடித்த மழைத்தண்ணீர் மேல், ஆனால் ஓட்டுத் தூசி அதில் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

டர்போவின் ஆயில் திரும்பும் குழாயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் ஆயில் நுரையாகி, தன் எடையில்தான் கீழே இறங்கும். அந்தக் குழாய் உள்விட்டம் குறைந்தது 12 மிமீ இருக்கட்டும், எங்கும் மேலேறாமல் சரிவாகவே போகட்டும், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேரட்டும். வெட்டிய சம்பில் இந்த ஓட்டையை மறந்து, பிறகு ஆயில் மட்டத்துக்குக் கீழே துளைப்பார்கள். உடனே சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ சீல் போய்விட்டது என்று புதிய டர்போ வாங்குவார்கள். அதுவும் புகையும்.

கேள்வி: ஒயரிங் யாரிடம் கொடுப்பது? பழைய ஒயரிங்கிலேயே சேர்க்கலாமா? – வாசகர், புதுவயல்

பதில்: சேர்க்கக் கூடாது. பழைய ஒயரிங் விளக்கு, ஹாரன், வைப்பருக்கு மட்டும் இருக்கட்டும். இன்ஜினுக்குத் தனி ஃபியூஸ் பெட்டி, தனி ரிலே, பேட்டரியிலிருந்து நேர் ஒயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு தடித்த எர்த், பிளாக்கிலிருந்து பாடிக்கு இன்னொன்று. துருப்பிடித்த தகரத்தில் எர்த் கொடுத்ததால் வரும் கோளாறு, சென்சார் கோளாறு போலவே நடிக்கும்.

கம்பெனி ஈசியூ வைப்பதென்றால் ஈசியூ, சாவி, இம்மொபிலைசர், மீட்டர், ஆக்சிலேட்டர் பெடல், முழு ஒயர் கட்டு அனைத்தையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள். இன்ஜின் மட்டும் வாங்கி ஈசியூவை வேறு இடத்தில் வாங்கினால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் ஏபிஎஸ் பெட்டியிலிருந்து வேகத் தகவல் வராததால் லிம்ப் மோடுக்கு (திறனைக் குறைத்து ஓடும் பாதுகாப்பு நிலைக்கு) போய் பூஸ்டை வெட்டிவிடும். எம்பிஎஃப்ஐ இன்ஜினுக்குத் தனி ஈசியூ போட்டால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் டைனோவில் (நிறுத்தியபடியே ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரத்தில்) வைத்து மேப் (பெட்ரோல், தீப்பொறி அளவுகளின் அட்டவணை) எழுதத் தெரிந்தவர் வேண்டும். முழு பூஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12 வரை இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் காதால் கேட்டு மேப் போடுகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் பக்கம்: கார்புரேட்டர் பம்ப் தரும் அழுத்தம் 0.3 பார்கூட வராது, இதற்கு 3 முதல் 4 பார் வேண்டும். பழைய டாங்கில் தடுப்பு இல்லாததால் வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். நடுவில் ஒன்றரை லிட்டர் சர்ஜ் டாங்க் (எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் சிறு தொட்டி) வைத்து, அதிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் எடுக்கட்டும். ஹோஸ்கள் இன்ஜெக்ஷன் ரகம், எத்தனால் தாங்கக்கூடியவை. இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்துப் பிளக்கும், டாங்கின் அடித் துருவையும் கிளப்பிவிடும். டாங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்பை மாட்டாதீர்கள்.

கேள்வி: பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். முதலில் இன்ஜின், அடுத்த வருடம் பிரேக் என்று செய்யலாமா? – வாசகர், திருமயம்

பதில்: தலைகீழாக மாற்றுங்கள்: இந்த வருடம் பிரேக், அடுத்த வருடம் இன்ஜின். 80-இல் போகும் காரை நிறுத்துவதைவிட 120-இல் போவதை நிறுத்த பிரேக் 2.25 மடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். பத்மினியில் நான்கும் டிரம். பழைய ஃபியட் 1100டி-யில் ஹைட்ராலிக் ஒரே சுற்று, ஒரு ஹோஸ் பிய்ந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. உங்கள் காரில் எது இருக்கிறது என்று மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். இரட்டைச் சுற்று இல்லையென்றால் முதல் செலவு அதுதான்.

முன்பக்கம் டிஸ்க் போடும்போது காலிப்பர் பிராக்கெட் 10 மிமீ எஃகு, போல்ட் 10.9 கிரேடு. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு இருந்து, காலை எடுத்த பின்னும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அப்படியே விட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், பத்துக் கிலோமீட்டரில் சக்கரம் கொதிக்கும். அந்த வால்வை டிஸ்க் சுற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரேக் மிதிக்க உதவும் வாக்குவம் பூஸ்டர் வைத்தால் மேனிஃபோல்ட் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். டர்போ அழுத்தும்போது மேனிஃபோல்டில் வாக்குவம் இருக்காது, அழுத்தம் பூஸ்டருக்குள் ஏறினால் டயாஃபிரம் கிழியும்.

பின் ஆக்சிலையும் இதோடு பாருங்கள். முதல் கியர் விகிதம் 3.6, ஆக்சில் 4.3 என்று வைத்தால் 140 நியூட்டன் மீட்டர் ஆக்சிலை அடையும்போது 2,160 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஆகிறது. உங்கள் ஆக்சில் விகிதம் தெரியாவிட்டால் பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மறு சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். புரோப்பல்லர் ஷாஃப்ட் 43 சுற்று சுற்றினால் 4.3. ஆக்சிலையே மாற்றுவதானால் அகலம், ஸ்பிரிங் இருக்கை இடைவெளி, வீல் போல்ட் வட்டம் மூன்றையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். நடுச் சுரங்கத்தை கியர்பாக்ஸுக்காக வெட்டினால், வெட்டிய ஓரம் முழுக்க 2 மிமீ தகட்டில் விளிம்பு வைத்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு பக்கச் சில் (sill) பெட்டிகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று போடுங்கள். போடாவிட்டால் கதவு இடைவெளி ஒரு பக்கம் அகலும், அங்கேதான் முதலில் தெரியும்.

கேள்வி: அசல் பத்மினி இன்ஜினிலேயே ஒரு டர்போவை மட்டும் மாட்டினால்? – வாசகர், ஆத்தங்குடி

பதில்: வேண்டாம். மூன்று மெயின் பேரிங் மட்டும் உள்ள கிராங்க், தட்டலை உணரும் நாக் சென்சார் இல்லாத இக்னிஷன், அழுத்தத்துக்குக் கட்டப்படாத கார்புரேட்டர். ஹெட் கேஸ்கட் முதலில் போகும், பிறகு பேரிங்.

கேள்வி: மாருதி 800-இல் 1.0 டர்போ வைப்பது பத்மினியைவிட எளிதா? – வாசகர், கண்டனூர்

பதில்: திசைச் சிக்கல் இல்லை, 800-லும் இன்ஜின் குறுக்காகவே நிற்கிறது. இன்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் ஒன்றாக வாங்கினால் அடாப்டர் வேலை மிச்சம். மாட்டிக்கொள்வது டிரைவ் ஷாஃப்டில்: உள்முனை புதிய கியர்பாக்ஸுக்கும் வெளிமுனை 800-இன் ஹப்புக்கும் பொருந்த வேண்டும். இரண்டு ஷாஃப்டை வெட்டி நடுவில் வெல்டிங் செய்து தருகிறேன் என்பார்கள். வேகத்தில் முறிந்தால் ஸ்டீயரிங் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். ஒரே துண்டாக, இரு முனையிலும் பல் வெட்டி, சூடேற்றிப் பதமாக்கிய ஷாஃப்ட் செய்து வாங்குங்கள். மற்றபடி 650 கிலோ காருக்கு 100 குதிரைத்திறன் அதிகம். மாருதியின் சாதாரண கே10பி இன்ஜின், 998 சிசி, டர்போ இல்லாதது, அந்தக் காருக்கு நிறைவாக இருக்கும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஸ்டார்ட் எப்படி? செம்மண் புழுதிக்கு என்ன செய்வது? – வாசகர், நாட்டரசன்கோட்டை

பதில்: புதிய ஆயில், புதிய ஃபில்டர். டர்போவின் ஆயில் வரும் ஓட்டையில் சிரிஞ்சில் கொஞ்சம் ஆயில் விட்டு, கம்ப்ரசர் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், முன்பின் அசைவு கைக்குத் தெரியவே கூடாது. இன்ஜெக்டர், காயில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு 10 நொடி சுற்று, அரை நிமிடம் ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டு, ஆயில், தண்ணீர், பெட்ரோல் ஒழுகலை டார்ச் அடித்துப் பாருங்கள். விசிறி தானாக ஓடி நிற்கும்வரை அணைக்காதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தத்தை வரம்புக்குள் வைக்கும் கதவு) ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்டில் மட்டும் ஓட்டி, ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். பித்தளை நிறத் துகள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது, மேலே ஓட்டக் கூடாது.

புழுதிக்கு: திறந்த கூம்பு ஃபில்டர் வேண்டாம். மூடிய பெட்டி, காகித ஃபில்டர், காற்று வாய் முன்னால் விளக்கு உயரத்தில். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் கிளாம்ப் தளர்ந்தால் செம்மண் நேராகக் கம்ப்ரசர் இலையில் மோதி அதன் ஓரத்தைத் தேய்த்துவிடும். மாதம் ஒருமுறை அந்த ஹோஸின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புப் படிந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.